மயிலா, கிளியா, கல்லா?

ஜூன் 9 (குன்றக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி)

சாலமோன் அரசனுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்த கப்பலில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் எல்லாம் இருந்தன என்று வேதாகமம் சொல்கிறது. மயிலுக்கு அங்கே இருக்கும் எபிரேயச் சொல் 'துக்கி'. அது நம்முடைய 'தோகை'தான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்கள் எபிரேயப் பேராசிரியர்கள் என்று உலகமெங்கும் உட்கார்ந்திருக்கிறார்களே, அரைகுறைகள்தானே இவர்கள்? நான்கு வருடமாக எபிரேயம் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பள்ளத்தூர்க்காரர் பதில் சொல்வாரா?

ஜூன் 9, மாலை

சொல்லிக்கொள்ளவில்லை, உண்மையிலேயே படிக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் காலை 10 மணிக்கு மேல் அடுப்படிப் பக்கம் நடமாடினால் என்ன மரியாதை கிடைக்கும் என்பது ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும். அதற்குத் தப்பிக்கத்தான் எபிரேயம். வாத்தியார், தேவகோட்டையில் ஓய்வாக இருக்கும் ஒரு பாதிரியார். ரோமாபுரியில் படித்தவர், நாங்கள் 'சாமி' என்போம். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி எங்கள் வீட்டு முகப்புக்கு வந்துவிடுவார். மூன்றாவது ஆள் கோட்டையூர்ப் புலவர். அவர் எபிரேயம் படிக்க வருவதில்லை, மறுக்க வருகிறார்.

கேள்விக்கு வருகிறேன். தோகைக் கதையைக் கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துப் பேசியிருக்கிறார்; நீங்கள் கண்டுபிடித்ததல்ல. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஆல்பிரைட் என்ற அமெரிக்க அறிஞர், 'துக்கி' பறவையே அல்ல, எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கின் பெயர் என்று சொல்லிவிட்டார். அதாவது கப்பலில் குரங்கு, அதன் பக்கத்தில் இன்னொரு குரங்கு.

எதை வைத்துத் தீர்ப்பது? அந்தச் சொல் எபிரேய வேதாகமம் முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று அரசர்கள் முதல் நூல் 10:22, மற்றொன்று குறிப்பேடு இரண்டாம் நூல் 9:21. இரண்டும் ஒரே சரக்குப் பட்டியல். அந்த நூலின் பெயரே குறிப்பேடு என்பதைக் கவனியுங்கள். பேரேட்டில் ஒரு பற்று, குறிப்பேட்டில் அதே பற்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மெய்ப்பிக்க எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார். மயிலா குரங்கா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் நீங்களும் அரைகுறை, நானும் அரைகுறை.

ஓர் ஆறுதல்: இன்றைக்கும் இஸ்ரேலில் மயிலைத் 'துக்கி' என்றுதான் சொல்கிறார்கள்.

ஜூன் 9, இரவு

ஆறுதலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாமி தொலைபேசியில் அழைத்து, "செட்டியாரே, துக்கி இன்றைக்குக் கிளி" என்றார். மயிலுக்கு இப்போது 'தவ்வாஸ்' என்று வேறு சொல் வந்துவிட்டது. மயிலாகக் கப்பல் ஏறிய பறவை மூவாயிரம் வருடம் கழித்துக் கிளியாக இறங்கியிருக்கிறது. பர்மா போய்த் திரும்பிய எங்கள் பெரியவர்கள் சிலரை வீட்டில் அடையாளம் தெரியாமல் முகப்பிலேயே உட்கார வைத்தார்களாம். அதுபோலத்தான்.

ஜூன் 11

நேற்றுப் பாடத்தில் நடந்தது. 'மத்தனா' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சாமி கேட்டார். தெரியவில்லை. அகராதியைப் பாருங்கள் என்றார். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் என்ற மூவர் சேர்ந்து 1906இல் கொண்டுவந்த அகராதி, தலையணை கனம். 'ம' வரிசையில் முக்கால் மணி நேரம் தேடினேன். அது அங்கே இருக்காதாம். முன்னால் இருக்கும் 'ம' ஒட்டாம், அதைக் கழற்ற வேண்டுமாம். அப்புறம் உள்ளே விழுந்துபோன ஒரு 'ந'வை மீட்டெடுக்க வேண்டுமாம். மீட்டால் 'நத்தன்', கொடுத்தான் என்ற வினை. அதன் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாக 'மத்தனா', கொடை.

அதாவது ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள அகராதியைப் பார்க்க வேண்டும். அகராதியைப் பார்க்கச் சொல்லின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிய மூன்று வெள்ளைக்காரர்களை நூறு வருடத்துக்கு மேலாக உலகம் பாராட்டிக்கொண்டிருக்கிறது. வேதாகமத்தில் ஆங்காங்கே வரும் அராமி மொழிச் சொற்களை மட்டும் பின்கட்டில் தனியாகக் குடிவைத்திருக்கிறார்கள். நான் வழிதவறி ஒரு வாரம் அங்கேயே தேடியதுண்டு.

ஜூன் 12

மேலே எழுதியதைப் படித்துவிட்டுச் சாமி சொன்ன சமாதானம்: இலத்தீன் வேதாகமத்தைத் தந்த ஜெரோமே எபிரேயம் படிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு, மறுபடி பிடித்தவர். சீறலும் மூச்சிரைப்புமான சொற்கள் என்று அந்த மொழியைப் பற்றிக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். இளம் வயதில் பாலைவனத்தில் தவம் இருந்தபோது ஆசைகள் அலைக்கழித்தனவாம். மனத்தை அடக்க எபிரேயம் படிக்கத் தொடங்கினாராம்.

இதை என் மனைவி காதில் விழுகிற மாதிரிச் சொன்னது சாமியின் பிழை. காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, "அவருக்குச் சரி. 64 வயதில் இவருக்கு எந்த ஆசையை அடக்க?" என்று கேட்டுவிட்டு வளவுக்குள் போய்விட்டாள். புலவர் அன்றைக்கு எதையும் மறுக்கவில்லை.

ஜூன் 14

கேள்வியிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஆனால் சுற்றி அங்கேயே வருவேன்.

எபிரேயத்தில் பழங்காலத்தில் மெய்யெழுத்தை மட்டுமே எழுதினார்கள். உயிர் ஒலியைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் மிகப் பின்னால் வந்தவை; கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில் திபேரியா ஊரின் மசோரெத்துகள் என்ற ஏட்டறிஞர்கள் கோத்துக் கொடுத்தவை. அதுவரை வாய்ப்பழக்கம்தான். க, ர, ன் என்று மூன்று மெய் இருந்தால் 'கெரென்', கொம்பு என்றும் படிக்கலாம். 'காரன்', ஒளிவிட்டது என்றும் படிக்கலாம். மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிவிட்டது என்பதை ஜெரோம் கொம்பு முளைத்ததாக இலத்தீனில் எழுதிவிட்டார். மைக்கலாஞ்சலோ அதை நம்பிச் சிலை செதுக்க, ரோமில் இன்றைக்கும் தலையில் இரண்டு கொம்போடு மோசே உட்கார்ந்திருக்கிறார். பளிங்கில் செதுக்கிவிட்டால் அடித்துத் திருத்த முடியாது.

சாமி இதைச் சொல்லிச் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு கொம்பு இருக்கிறது.

என் ஐயா ரங்கூன் கடையிலிருந்து துந்துபி ஆண்டு ஆவணியில் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதம். அந்தக் காலத்துக் கை, ஒரு புள்ளி கிடையாது. ஒரு வரி இப்படி இருக்கிறது: "உனககு கொடி 1 அனுபபியிருககிறென பததிரம."

கொடி என்றால் கழுத்தில் போடும் பொற்கொடி என்பது பெரியப்பா வீட்டுக் கட்சி. அந்தக் கொடி எங்கே, யார் பெட்டகத்தில் போய்ச் சேர்ந்தது என்று 40 வருடமாகப் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கிறது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அந்தக் கையில் வித்தியாசம் இல்லை என்பதால், அது 'கோடி', நூறு லட்சம் என்பது சித்தப்பா வீட்டுக் கட்சி. ஒரு கோடியைத் தபாலில் எப்படி அனுப்புவது என்றால், உண்டியலாக, அதாவது பணமாற்றுச் சீட்டாக, அனுப்பியிருப்பார் என்கிறார்கள். எங்கள் கட்சி, 'கோடி' என்றால் புதுத்துணி, ஒரு கோடிச் சேலை அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். பணமில்லாத கட்சி என்பதால் இதற்கு ஆதரவு குறைவு.

சாமி கடிதத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். "செட்டியாரே, இது மட்டும் சாக்கடல் குகையில், அந்தப் பழைய வேதாகமச் சுருள்களோடு கிடைத்திருந்தால்" என்று ஆரம்பித்தார். மேலே இருக்கிற பிள்ளையார் சுழி 'உ'வைப் பற்றி 400 பக்க ஆய்வேடு ஒன்று வருமாம். ஆண்டு 60க்கு ஒருமுறை திரும்புவதால் இந்தத் துந்துபி 1862, 1922, 1982இல் எது என்று ஜெர்மனியில் மூன்று கட்சி கட்டுவார்களாம். என் ஐயாவே ஒரு ஆள் அல்ல, இரண்டு பேர் எழுதியதை மூன்றாவது ஆள் ஒட்டினார் என்று நான்காவது கட்சியும் உண்டாம்.

ஜூன் 15

புலவர் நேற்றைய குறிப்பில் பிழை கண்டுபிடித்து, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சொன்னார். வித்தியாசம் இல்லாமல் இல்லையாம். எகரமும் ஒகரமும் குறிலாக இருந்தால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. கடிதத்தில் புள்ளி இல்லை. எனவே அது நெடில், எனவே 'கோடி', எனவே பெரியப்பா கட்சி தோற்றது.

புள்ளியே வைக்காத மனிதர் ஓர் இடத்தில் புள்ளி வைக்காததிலிருந்து என்ன நிரூபணம் ஆகும் என்று கேட்டேன். "இலக்கணம் நிரூபணம் ஆகும்" என்றார்.

குறிலையும் நெடிலையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பிரித்து, கொம்புக்குச் சுழி போட்டுக் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியர் வீரமாமுனிவர். "எங்கள் ஆள்" என்று சாமி தொண்டையைச் செருமினார். அந்தச் சுழி எங்கள் ஐயாவின் பேனா வரைக்கும் வரவில்லை என்பதுதான் வருத்தம்.

ஜூன் 15, பிற்பகல்

எழுத மறந்தது. எபிரேய உயிர்க்குறிகளுக்குப் பெயர் 'நிக்குத்', பொருள், புள்ளியிடுதல். நகரத்தார் குடும்பத்தை எண்ணும்போதும் 'புள்ளி' என்றுதான் எண்ணுகிறோம்: கோயிலில் இத்தனை புள்ளி, இந்த ஊரில் இத்தனை புள்ளி. ஆக, புள்ளி விட்டுப்போகாமல் கணக்குப் பார்த்த ஒரு சமூகம், எழுத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஜூன் 16

ஏட்டுச் சுவடியில் 'ர'வும் காலும் ஒன்றுபோல் இருக்கும் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆம். 'மரம்' என்று எழுதியிருப்பதை 'மாம்' என்று படித்து, அப்படி ஒரு சொல்லுக்கு உரையும் எழுதிய மாணவனைப் பற்றிப் புலவர் சொல்வார் (அந்த மாணவன் அவர்தான் என்பது என் சந்தேகம்). எபிரேயத்தில் 'த'வும் 'ர'வும் அதே கதை. ஒரு மூலை வளைந்திருக்கிறதா, கூர்ந்திருக்கிறதா என்பதே வித்தியாசம். தொடக்கநூல் 10:4இல் ஓர் இனத்தின் பெயர் 'தோதானிம்'. அதே பட்டியல் குறிப்பேடு முதல் நூல் 1:7இல் வரும்போது 'ரோதானிம்'. ரோட்ஸ் தீவுக்காரர்களாக இருக்கலாம் என்கிறார்கள். ஓர் இனமே ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு ஊர் பேர் தெரியாமல் நிற்கிறது.

ஜூன் 19

சின்னக் குறிப்பு. கடவுளின் பெயரை எபிரேயத்தில் நான்கு மெய்யெழுத்தால் எழுதுவார்கள், வாயால் உச்சரிக்கமாட்டார்கள். கிரேக்கத்தில் பெயர்த்தவர்களில் சிலர் அந்த நான்கெழுத்தை மட்டும் எபிரேய வடிவிலேயே விட்டுவைத்தார்கள். எபிரேயம் தெரியாத கிரேக்க வாசகர்கள் அதை இடமிருந்து வலமாகத் தங்கள் எழுத்தாக நினைத்துப் படித்தார்கள்: 'பிப்பி'. நான் கட்டிவிட்டதல்ல, ஜெரோமே ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

என் பேரன் நாகசுரத்துக்கு வைத்திருக்கும் பெயரும் ஏறத்தாழ இதுதான். சாமியிடம் சொல்லவில்லை.

ஜூன் 23

அறிஞர்களைக் கேலி செய்துகொண்டே இருந்தால் எப்படி, கேட்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது.

யோனா என்ற இறைவாக்கினர் நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நிழலுக்காகக் கடவுள் ஒரே இரவில் ஒரு செடியை வளர்க்கிறார். எபிரேயத்தில் 'கிகாயோன்'. பழைய இலத்தீனில் அது சுரைக்கொடி. ஜெரோம் வந்து, ஐவி என்ற படர்கொடியாக மாற்றிவிட்டார். ரோமில் ஒரு கோயிலில் ஆயர் இந்தப் புதுப் பாடத்தை வாசித்ததும், சபையில் பெரும் கூச்சல். எங்கள் சுரைக்காய் எங்கே என்று கேட்டுக் கலவரம். ஆயர் கடைசியில் ஜெரோமைக் கைவிட்டுப் பழைய பாடத்துக்கே திரும்பினார். இந்தப் புகாரை ஜெரோமுக்கு எழுதியவர் சாதாரண ஆள் அல்ல, திருச்சபையின் பெரிய அறிஞர் அகுஸ்தீன்.

ஜெரோம் என்ன செய்தார்? தவறு என்று ஒப்புக்கொண்டாரா? சுரைக்காய்க் கட்சியைக் கிண்டல் செய்து எழுதினார்.

இப்போது பெரும்பாலோர் அந்தச் செடி ஆமணக்கு என்கிறார்கள். விளக்கெண்ணெய்க்குக் 'கிகி' என்று எகிப்தில் பெயர் எனப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதியிருக்கிறார். நம் தமிழ் வேதாகமத்திலும் ஆமணக்குச் செடிதான்.

இதை நான் ஓர் அரிய செய்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி முறத்தோடு வந்து நின்றாள். "ஆமணக்கா? அதற்கு அடுத்தாற்போல் புழு விழுந்திருக்க வேண்டுமே" என்றாள். சாமி எழுந்தே நின்றுவிட்டார். மறுநாள் விடியலில் ஒரு புழு அந்தச் செடியை அரித்தது, செடி வாடியது என்பதுதான் யோனா நூல் 4இன் அடுத்த வரி. "ஆச்சி, நீங்கள் யோனா படித்திருக்கிறீர்களா?" என்றார். "எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் ஆமணக்கு இருந்தது" என்றாள்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டு விவாதம். கேட்டிருக்க வேண்டிய ஆள் பள்ளத்தூரில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24

திருத்தம். கலவரம் நடந்தது ரோமில் அல்ல. வட ஆப்பிரிக்காவில், ஒயேயா என்ற ஊரில். இன்றைய லிபியாவின் திரிப்போலி. அகுஸ்தீன் அதை எழுதியது சுமார் 403இல். சாமி இந்தத் திருத்தத்தைச் சொன்ன விதத்தில், ரோமைக் குறை சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று தெரிந்தது.

இன்னொன்று. ஆமணக்கின் நிழலில் ஓர் ஆட்டுக்குட்டிகூட முழுதாகப் படுக்க முடியாது என்றும் மனைவி சொன்னாள். அதை நேற்று விட்டுவிட்டேன், என் கதைக்குத் தொந்தரவாக இருந்ததால். மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

ஜூன் 30

இன்று 'ஷிபோலெத்'. யோர்தான் ஆற்றுத்துறையில் எதிரியைக் கண்டுபிடிக்க ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'ஷ' வராமல் 'சிபோலெத்' என்றவர்களை அங்கேயே வெட்டினார்கள். நீதித்தலைவர்கள் 12:6 தரும் கணக்கு 42,000 பேர். அந்தச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்று ஒரு பொருள், நீரோட்டம் என்று ஒரு பொருள். எந்தப் பொருளில் கேட்டார்கள் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுப்பட்டவனுக்கு எந்தப் பொருளாக இருந்தால் என்ன?

புலவர் உடனே ஒரு சோதனை வைத்தார். துறை என்றால் இந்த முகப்பு, சொல் 'வாழைப்பழம்'. நான் சொன்னேன். சாமி சொன்னார். இருவருக்கும் 'வாளைப்பளம்'. சிவகங்கைச் சீமை முழுவதும் அன்றே முடிந்திருக்கும் என்று புலவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளேயிருந்து ஒரு சீப்பு வந்தது. தோலை உரித்தபடியே அவர் சொன்னதை நான் கவனமாகக் கேட்டேன்: "நல்ல பளம்."

ஜூலை 3

குன்றக்குடி வாசகர் மயிலை விட்டுவிட்டுப் புதிய ஆதாரம் கொண்டுவந்திருக்கிறார். இயேசு பேசிய அராமி மொழியில் தந்தைக்கு 'அப்பா'. ஆகவே தமிழ்.

முதலில் வீட்டு நிலவரம்: நகரத்தார் வீட்டில் நாங்கள் அப்பாவை 'அப்பச்சி' என்கிறோம். உங்கள் வாதப்படி எங்களைவிட இயேசுநாதர் சுத்தத் தமிழர் ஆகிறார். உலகத்துக் குழந்தைகள் பாதி 'அப்பா', 'பாப்பா', 'பாபா' என்றுதான் உளறுகின்றன. உதடு ஒட்டினால் வருகிற ஒலி.

ஆனால் இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. யொவாக்கிம் எரேமியாஸ் என்ற ஜெர்மானியர், 'அப்பா' என்பது குழந்தை மழலையிலிருந்து வந்த செல்லச் சொல் என்று எழுதினார். பிரசங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டு கடவுளை 'டாடி' ஆக்கிவிட்டார்கள். ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே, 'அப்பா என்றால் டாடி அல்ல'. பெரியவர்களும் சொன்ன சொல்தான் அது என்பது வாதம். மற்ற அறிஞர்களுக்கு முடிவு தெரிய நாற்பதாவது பக்கம்வரை போக வேண்டும். இவர் பலகையிலேயே விலையை எழுதிவிட்டார்.

உரோமையர் 8:15இல் கிரேக்கத்தில் அந்த அராமிச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கத்தில் 'தந்தையே' என்று போட்டிருக்கிறது. பழைய தமிழ்ப் பெயர்ப்பில் 'அப்பா, பிதாவே'. ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு அங்கே ஓர் அயல்சொல் நிற்பது உறுத்தும். தமிழனுக்கு உறுத்தாது, வீட்டுச் சொல் என்றே தாண்டிப் போய்விடுவான். புலவரும் 50 வருடம் அப்படித்தான் தாண்டியிருக்கிறார். சொன்னதும், "அப்படியானால் இரண்டில் எதுதான் மொழிபெயர்ப்பு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவரிடமிருந்து வந்ததால் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 8

தமிழில் வேதாகமம் பெயர்த்தவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சில் 1715இல் முடிந்தது. பின்னால் 19ஆம் நூற்றாண்டில் பெர்சிவல் பாதிரியார் பெயர்த்தபோது உடனிருந்து தமிழைச் செம்மை செய்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பழுத்த சைவர். அந்த அறையில் நடந்த பேச்சைக் கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

எனக்கு நெருக்கமானவர் பப்ரிசியுஸ். 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வந்தது. பல்லாண்டு உழைத்து ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்த மனிதர். வயதான காலத்தில் பணம் கொடுக்கல் வாங்கலில் இறங்கி, வராக்கடனில் மூழ்கி, கடனுக்காகச் சிறைக்கும் போனார். எபிரேயம், கிரேக்கம், தமிழ் மூன்றும் தெரிந்தவருக்கு ஈடு வாங்காமல் கடன் கொடுக்கக் கூடாது என்பது தெரியவில்லை. எங்கள் ஊரில் மீசை முளைக்காத அடுத்தாள் பையன்கூடச் சொல்லியிருப்பான்.

ஜூலை 8, இரவு

மேலே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஈடு வாங்கித்தான் பர்மாவில் நாங்கள் கொடுத்தோம். அத்தனை வயலும் ஈடாகக் கைக்கு வந்தது. 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். பப்ரிசியுஸ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஜூலை 12

பர்மா நினைவு வந்ததால் பெட்டகச் சாலையில் ஐயாவின் பெட்டியைக் குடைந்தேன். அதே துந்துபி ஆண்டு, கடைச் சிட்டை. அதே புள்ளியில்லாத கை. ஆவணி மாதச் செலவில் ஒரு வரி: "ஊருககு கொடி 1ககு ரூ 4."

நான்கு ரூபாய். பொன்னும் அல்ல, கோடியும் அல்ல. சேலை.

பெரியப்பா வீட்டுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, "அது முன்பணமாக இருக்கும்" என்றார்கள்.

மூல ஆதாரம் கிடைத்தால் விவாதம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் சாக்கடல் சுருள்களையும் பார்த்ததில்லை, எங்கள் பங்காளிகளையும் பார்த்ததில்லை.

ஜூலை 15

வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த கதை. எகிப்து மன்னன் தாலமி யெருசலேமிலிருந்து 72 மூப்பர்களை வரவழைத்தான். 72 நாளில் முடித்தார்கள் என்பது பழைய கதை. பின்னால் யூத மரபில் இன்னும் ஒரு சுற்று ஏறியது: 72 பேரையும் 72 அறையில் தனித்தனியாக அடைத்தான், வெளியே வந்தபோது 72 பெயர்ப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

செட்டிநாட்டில் அறைக்குப் பஞ்சமில்லை. கானாடுகாத்தானில் இரண்டு வீட்டைச் சேர்த்துத் திறந்தால் 72 பேரைப் பூட்டலாம். ஆனால் 72 புலவர்களைப் பூட்டினால் 73 பாடம் வரும். எங்கள் புலவர் வெளியே வரும்போதே முதல் பாடத்தை மாற்றியிருப்பார்.

இதைச் சொன்னபோது சாமி வழக்கம்போலச் சிரிக்கவில்லை. பையிலிருந்து கிரேக்க நூலை எடுத்தார். "முதல் நாள் கேள்விக்கு இதை யாரும் பார்க்கவில்லையே" என்று அரசர்கள் 10:22ஐத் திறந்தார். பொன் இருக்கிறது. வெள்ளி இருக்கிறது. தந்தம், குரங்கு, மயில் மூன்றும் இல்லை. அந்த இடத்தில் கற்கள்: கடைந்த கல்லும் செதுக்கிய கல்லும்.

ஜூலை 16

திருத்தம். அந்த 72 பேர் பெயர்த்ததாகச் சொல்வது மோசேயின் ஐந்து நூல்களை மட்டும். அரசர்கள் நூலைப் பிறகு வேறு யாரோ பெயர்த்தார்கள், பெயர் கிடையாது. மயிலைக் கல்லாக்கியவர் பெயர் தெரியாமல் தப்பிவிட்டார்.

அவர் முன்னால் இருந்த எபிரேயப் பிரதியே வேறாக இருந்திருக்கலாம், தெரியாத சொல்லை ஊகித்திருக்கலாம் என்கிறார் சாமி. நான் இரண்டாவது கட்சி. தெரியாத சரக்குக்குக் 'கல்' என்று எழுதிவிட்டால் எந்தச் சுங்கக்காரனும் மேற்கொண்டு கேட்கமாட்டான்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. மனைவி ஆடிக் கும்மாயம் கிண்டிக் கொடுத்தாள். தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மூவரும் குன்றக்குடிக்குப் போனோம். கேள்வி கேட்ட வாசகரை நேரில் பார்க்கத்தான். அவர் ஊரில் இல்லை, காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சரி என்று நானும் புலவரும் மலை ஏறி முருகனைக் கும்பிட்டோம். சாமி முட்டிவலியால் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இறங்கி வந்தபோது சாமி பாறையை அண்ணாந்து பார்த்தபடி, இந்தக் குன்றுக்கு ஏன் மயூரகிரி என்று பெயர் என்று கேட்டார். பாதிரியார் விசாரிக்கிறாரே என்று புலவர் விஸ்தாரமாகத் தொடங்கினார். முருகனின் மயில் ஒரு குற்றத்தால் சாபம் பெற்றது. இங்கே வந்து மலையாகச் சமைந்தது. அந்த மயில்தான் இந்த...

புலவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. சாமியின் கையில் கும்மாயம் அப்படியே நின்றது.

"மயில்" என்றார் புலவர். "கல்."

"புலவரே, வேண்டாம்" என்றேன் நான்.

"எபிரேயக்காரன் மயில் என்றான். கிரேக்கக்காரன் கல் என்றான். இருவரும் சரி! பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்!"

நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சாமியிடம் மறுப்பு இல்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். தேவகோட்டை பஸ் வரும்வரை எழுதினார்.

ஜூலை 22

சாமி காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். கிரேக்கத்தில் கல் ஒரு வகை அல்ல, இரண்டு வகை. மயில் ஒன்று கல்லாயிற்று என்றால் இன்னொரு கல் எது என்று புலவரைக் கேட்கச் சொன்னார். அதோடு மடங்கிவிடுவார் என்று எண்ணியிருக்கிறார்.

கேட்டேன். "குரங்குதான், வேறென்ன" என்றார் புலவர். பிரான்மலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.